துணி மூட்டை வேண்டாம், பணமாகக் கொடுப்போம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உக்ரைன் அகதிகளுக்கு உதவுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது தினமும் அதையே பேசிய நாம் இன்று ஏறக்குறைய மறந்துவிட்டோம். நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால் துணிமணி, போர்வை, பொம்மைகளைச் சேகரித்து அனுப்பலாம் என்று கட்டுரையின் முடிவில் சொல்லியிருந்ததில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த மார்ச் மாதம் போலந்து எல்லையில், மெதிக்காவில், நன்கொடைத் துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்ததால், எல்லை தாண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை என்று வருகிறவர் எத்தனை ஸ்வெட்டரைச் சுமப்பார்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் கொட்டிக் கிடந்த பழைய துணிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பொருளாகக் கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ப்ஷெமிஷல் ரயில் நிலைய நடைமேடையில் போலந்துத் தாய்மார்கள் குழந்தை வண்டிகளை வைத்துவிட்டுப் போனார்களே, அந்தப் புகைப்படம் பலருக்கு நினைவிருக்கும். கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறவர்களுக்கு என்ன தேவை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. இவ்வளவு தூரத்தில் இருக்கும் நமக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

என் அக்கா மகன் அப்போது கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். லிவீவ் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்து போலந்துக்குள் நுழைந்தவனுக்குச் சூப்பும் ரொட்டியும் கொடுத்து, படுக்க இடமும் கொடுத்தவர்கள் முன்பின் தெரியாத மனிதர்கள். அப்புறம்தான் இந்திய அரசின் ‘ஆபரேஷன் கங்கா’ மீட்பு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தான். அந்த நன்றிக்கடன் எங்கள் குடும்பத்துக்கு இன்னும் இருக்கிறது.

அகதி என்றதும் எல்லை தாண்டியவர்களைத்தான் நினைக்கிறோம். அவர்கள் ஏறக்குறைய 60 லட்சம் பேர். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பாவது உண்டு. தங்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். உக்ரைனுக்குள்ளேயே ஊர் விட்டு ஊர் போய்க் கிடப்பவர்கள் இன்னும் சுமார் 37 லட்சம். சண்டையில் அழிந்த பாக்முத் நகரத்துக்காரர்களுக்குத் திரும்பிப் போக ஊரே மிச்சமில்லை. 2023 ஜூனில் ககோவ்கா அணை தகர்ந்தபோது வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் உண்டு. வயதானவர்கள் பலர் பொதுத் தங்குமிடங்களிலேயே காலம் தள்ளுகிறார்கள். இடம்பெயர்ந்த பெரியவர்களுக்கு அரசு ஒதுக்கிய உதவித்தொகை மாதம் 2,000 ஹிரிவ்னியா, அதாவது நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய் சொச்சம். குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3,000. 2024 மார்ச்சில் விதிகளை இறுக்கியதில் அந்தத் தொகையும் பலருக்கு நின்றுபோனது.

கார்கிவிலும் தினிப்ரோவிலும் கடைகள் திறந்துதான் இருக்கின்றன. வங்கியும் தபால் நிலையமும் இயங்குகின்றன. மாவும் மருந்தும் கிடைக்கும், வாங்கத்தான் கையில் காசில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கே ரொக்கமாக உதவுவதற்குக் காரணம் இதுதான். ஒரு வீட்டுக்கு வாடகை பாக்கி இருக்கும், இன்னொரு வீட்டுக்கு ரத்த அழுத்த மாத்திரை வேண்டியிருக்கும். எது முதலில் என்பதை அந்த வீட்டுக்காரரே முடிவு செய்யட்டும், அதுதானே மரியாதை. சமையல் கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸ் தொடங்கிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற தொண்டு அமைப்பும் உக்ரைனின் உள்ளூர் உணவகங்களையே சமைக்க வைத்தது. பசித்தவர்களுக்குச் சாப்பாடும் கிடைத்தது, சமையல்காரர்களுக்கு வேலையும் கிடைத்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். துணி சேகரிக்கும் இடங்களின் முகவரிக்குப் பதிலாக, யுனிசெஃப், ஐ.நா. அகதிகள் ஆணையம், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு நன்கொடை அனுப்பும் வழியை அடுத்த இதழில் வெளியிடுங்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுக்க முடியாதவர்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம் என்றும் எழுதுங்கள். வருடாவருடம் செப்டம்பரிலேயே இதை நினைவூட்டினால் இன்னும் நல்லது. அங்கே உடைந்த ஜன்னலை அடைப்பதும் விறகு வாங்குவதும் பனி விழுவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்