கோப்பை வேண்டாம், மணிக்கூடு அனுப்பு

கிளிநொச்சி,
ஆவணி மாதம்.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் பிள்ளைகளும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கேயும் குறையொன்றும் இல்லை. சிறுபோக வெட்டு முடிந்து நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது. விலையை மட்டும் கேட்காதே. அம்மா வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவ, அன்று நடந்த நடையின் கால்வலியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா. ஆனால் வருகிற வருசமும் போவா, அது எனக்குத் தெரியும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடங்களுக்கும் கழகங்களுக்கும் சேர்த்து நடத்துகிற செஸ் குழுப் போட்டிக்கு அடுத்த முறை நீ கோப்பை வாங்கித் தருவதாக எழுதியிருந்தாய். ஆளுயரக் கோப்பை என்றும் எழுதியிருந்தாய். மனம் பெரிதுதான், ஆனால் கோப்பை வேண்டாம் மச்சான். ஏன் வேண்டாம் என்பதற்குப் போன சனி ஞாயிறு இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான போட்டி. அணிக்கு நாலு பேர், ஒருவர் மேலதிகம். பலமான பிள்ளை முதலாம் போர்டு, அடுத்தது இரண்டாம் போர்டு என்று நாலு வரைக்கும் இருப்பார்கள், ஒவ்வொருவரும் எதிரணியின் அதே போர்டுக்காரரோடு ஆடுவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு பக்கத்திலிருந்தும் அணிகள் வந்தன. கந்தோரில் லீவு போட்டுவிட்டு முடிவு பதிகிற மேசையில் நான் இருந்தேன். அரைச்சுவர் வைத்த மண்டபம், உனக்குத் தெரியும்தானே. சோளகக் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மற்றப் பக்கத்தால் போகிறது. காய்கள் எல்லாம் பாரமில்லாத பிளாஸ்டிக். யோசித்து யோசித்து ஒரு பிள்ளை குதிரையை நகர்த்தும், காற்று வந்து அதன் ராசாவையே விழுத்திவிடும். "சேர், நான் தோல்வியை ஒப்புக்கொள்ளேல்லை, காத்துத்தான் விழுத்தினது" என்று ஒரு பொடியன் நடுவரிடம் ஓடி வந்தான். நடுவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

காலையில் முதல் சுற்றிலேயே பெரிய தலையிடி, தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதியால் வந்தது. இப்போது முக்கால்வாசிப் பிள்ளைகள் செஸ் பழகுவது கைத்தொலைபேசியில். அது நல்லதுதான், லிசெஸ் போன்ற செஸ் செயலிகளில் காசும் இல்லை, துணைக்கு ஆளும் தேவையில்லை. ஆனால் தொலைபேசி பிழையான நகர்வை விடாது. காயைத் தொட்டால் போகக்கூடிய கட்டங்களையும் அதுவே காட்டித் தரும். மேசையில் யார் காட்டுவது? ஒரு பிள்ளை கோட்டை கட்டப் போய், அதாவது ராசாவையும் கோட்டைக் காயையும் ஒரே நகர்வில் இடம் மாற்றப் போய், முதலில் கோட்டைக் காயைத் தொட்டுவிட்டு அப்புறம் ராசாவைத் தூக்கினான். எதிரில் இருந்தவன் உடனே கையை உயர்த்திவிட்டான். ராசாவை முதலில் தொட்டால்தான் கோட்டை கட்டலாம். கோட்டையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் கட்ட முடியாது, கோட்டையைத்தான் நகர்த்த வேண்டும். பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. விதி விதிதான், ஆனால் அதை அவனுக்கு யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை. காயை நகர்த்திய அதே கையால்தான் மணிக்கூட்டையும் அமத்த வேண்டும் என்பதும் பலருக்குப் புதினமாக இருந்தது.

இனி மணிக்கூட்டுக் கதை. ஆளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடும் என்று அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விநாடி கூட்டுகிற டிஜிட்டல் மணிக்கூடு எல்லா மேசைக்கும் காணாது. மிச்சத்துக்குப் பழைய ஊசி மணிக்கூடு, அதிலே கூட்ட வழியில்லை. அதனால் அந்த மேசைகளில் ஆளுக்கு 30 நிமிடம், அவ்வளவுதான். சரி, நல்ல மணிக்கூடு எந்த மேசைக்குப் போயிருக்கும் என்று சொல்லு பார்ப்போம்? முதலாம் போர்டுக்கும் இரண்டாம் போர்டுக்கும். படம் எடுப்பதும் அங்கேதான், விருந்தினர் வந்து குனிந்து பார்ப்பதும் அங்கேதான். நாலாம் போர்ட் பிள்ளைகள் மண்டபத்தின் கடைசி வரிசையில், ஊசி மணிக்கூட்டோடு.

எனக்கு இதிலேதான் மனத்தாங்கல். குழுப் போட்டி என்றால் நாலாம் போர்டின் புள்ளியும் முதலாம் போர்டின் புள்ளியும் ஒன்றுதான். வென்றால் ஒன்று, சமநிலைக்கு அரை. ஆனால் நம்முடைய பள்ளிக்கூடங்கள் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கே பயிற்சி, அதற்கே புத்தகம், அதற்கே கொழும்புப் பயணம் என்று ஓடுகின்றன. மற்ற மூன்று பேரும் கதிரை நிரப்ப வருகிறவர்கள். 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டை, அதுதான் நாடுகளுக்கிடையிலான செஸ் குழுப் போட்டியை, நீயும் இரவிரவாகப் பார்த்தாய் அல்லவா? இந்தியாவின் இரண்டாம் அணியில் குகேஷ் முதலாம் போர்டில் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு, வெல்ல வேண்டிய ஆட்டத்தை அப்துசத்தோரோவிடம் விட்டார். அன்றைக்குப் பிரக்ஞானந்தா தன் ஆட்டத்தை வென்றபடியால்தான் 2–2 என்றாவது முடிந்தது. கடைசியில் அந்த அணிக்கு வெண்கலம், உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம். முதலாம் போர்டில் தனிநபர் தங்கம் வாங்கிய ஆள், இரண்டு வருசத்தில் உலகச் சம்பியனாகவே வந்த ஆள், அவருக்கே பக்கத்து மேசை வேண்டியிருந்தது.

கழகங்கள் இந்தக் கணக்கை நன்றாகப் படித்து வைத்திருக்கின்றன, கொஞ்சம் கூடவே படித்து வைத்திருக்கின்றன. ஒரு கழகம் தன் பலமான பிள்ளையை நாலாம் போர்டில் வைத்துவிட்டு, காய் நகர்த்தத் தெரிந்த ஒரு சின்னப் பிள்ளையை முதலாம் போர்டில் பலிக்கு வைத்தது. முதலாம் போர்டில் தோற்று, மற்ற மூன்றிலும் வெல்கிற திட்டம். பலத்தின் வரிசையில்தான் இருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளில் யாருக்கும் பலத்தைக் காட்டுகிற ரேட்டிங் எண் இல்லை, எதை வைத்துப் பிடிப்பது? அந்தச் சின்னப் பிள்ளை இரண்டு நாளும் தோற்றுத் தோற்று, கடைசிச் சுற்றுக்கு வர மாட்டேன் என்று வான் வண்டிக்குள் ஏறி இருந்துவிட்டான். வரிசையை ஒருமுறை கொடுத்தால் போட்டி முடியும்வரை மாற்றக் கூடாது என்பதை இறுக்கமாகப் பிடித்தார்கள், அதுவரைக்கும் நல்லது. ஆனால் ஏமாற்ற நினைத்தவன் முதல் நாளே ஏமாற்றிவிடுகிறான்.

புள்ளி போடுவதிலும் ஒரு வாக்குவாதம் வந்தது. அணி வென்றால் இரண்டு, சமநிலைக்கு ஒன்று என்று போடுவதா, இல்லை நாலு போர்டின் புள்ளிகளையும் அப்படியே கூட்டுவதா? ஒலிம்பியாட்டில் 2008 இல் டிரெஸ்டனிலிருந்து அணி வெற்றிக்குத்தான் புள்ளி. அதற்குக் காரணம் உண்டு. போர்ட் புள்ளியைக் கூட்டினால், பலமான அணி பாவப்பட்ட அணியை 4–0 என்று அடித்துப் புள்ளி சேர்த்துக்கொண்டு போய்விடும். பெரியவர்களுக்கு அது சரி. பிள்ளைகளுக்குப் போர்ட் புள்ளிதான் வேண்டும் என்று நான் மேசையில் அடித்துச் சொன்னேன். நல்ல வேளை, ஏற்பாட்டாளர்களும் அப்படியே முடிவெடுத்தார்கள். ஏன் அப்படி நின்றேன் என்பதற்கு ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன், கேள்.

துணுக்காய்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று. விடியப்புறமே பஸ் பிடித்து, மாங்குளத்தில் இறங்கி மாறி, முறிகண்டியில் பஸ் நின்ற நேரத்தில் பிள்ளையாருக்குக் கற்பூரமும் கொளுத்திவிட்டு வந்து சேர்ந்தார்கள். கூட வந்த ரீச்சருக்குச் செஸ் தெரியாது, பிள்ளைகள் சொல்லித்தான் வெற்றி தோல்வியே அறிவா. மூன்றாம் சுற்றில் வவுனியாக் கழகம் ஒன்றோடு மூன்று போர்டும் தோற்றாகிவிட்டது. நாலாம் போர்டில் ஒரு பிள்ளை, தரம் ஏழு இருக்கும். அவளிடம் இருந்தது தனி ராசா மட்டும். எதிரே பொடியனிடம் ராசாவும் ராணியும். சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது, மற்றவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். ரீச்சர் தூரத்தில் நின்று கையைப் பிசைகிறா. அணிப் பொறுப்பாளர் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது அல்லவா. சமநிலை கேள், விட்டுவிடு என்று இவ்வளவுதான் சொல்லலாம். "விட்டுவிடு" என்று சொல்ல ரீச்சர் வாயெடுத்த மாதிரியும் இருந்தது.

பிள்ளை விடவில்லை. ராசாவை அடியடியாக மூலைக்குக் கொண்டு போகிறாள். எனக்கு முதலில் விளங்கவில்லை, மூலைக்குப் போனால் மேட் ஆவது சுலபம்தானே என்று நினைத்தேன். பொடியனின் ஊசி மணிக்கூட்டில் கொடி தூக்கத் தொடங்கிவிட்டது, அது விழுந்தால் அவன் நேரம் முடிந்தது. விநாடி கூட்டுகிற மணிக்கூடு என்றால் பத்துப் பத்தாக வாங்கி ஆறுதலாக முடித்திருப்பான். இது ஊசி. கொடி விழுந்தாலும் அவளிடம் தனி ராசா மட்டும் என்பதால் சமநிலைதான், அது அவனுக்கும் தெரியும். பறந்து பறந்து ஆடினான். ராணியைத் தூக்கி, மூலையில் நின்ற ராசாவுக்குக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைத்து மணிக்கூட்டில் அடித்தான். மூலை ராசாவுக்குச் செக் இல்லை, போக ஒரு கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது சமநிலை. பிள்ளை போர்டைப் பார்க்கவேயில்லை, நேரே நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அரைப் புள்ளி!

யார் சொல்லித் தந்தது என்று பிறகு கேட்டேன். "அண்ணா ஆடேக்க என்னை எப்பவும் அப்பிடித்தான் மூலைக்கு விடுவார், அவர்தான் பிழை விடுவார்" என்றாள். அந்த அரைப் புள்ளியால் அவர்களின் அணி கடைசி இடத்துக்கு வராமல் கடைசிக்கு முதல் இடத்துக்கு வந்தது. பெரிய விசயமில்லைத்தான். ஆனால் அணிப் புள்ளி மட்டும் போட்டிருந்தால் 3–0 ஆனதும் அந்தப் பிள்ளையின் ஆட்டத்தால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளும் பார்சலை எடுக்க எழும்பியிருப்பாள்.

உடனே நீ என்ன சொல்வாய் என்று தெரியும்: நல்ல மணிக்கூடு இருந்திருந்தால் அவள் தோற்றிருப்பாள், நீ மணிக்கூடு கேட்கிறாயே என்று. உண்மைதான். அவள் தோற்றிருப்பாள். ஆனால் மற்ற மேசைகளில் வென்றிருக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் கொடி விழுந்து தோற்றார்கள் என்பதையும் நான்தானே பதிந்தேன்.

1996 இல் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்குப் போய் இருந்தோமே, அப்போது எங்களுக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை, மண்ணெண்ணெய்தான் நேரம் சொன்னது. குப்பி விளக்கு அணைந்தால் ஆட்டம் முடிந்தது. உன் அப்பு பாலைத்தடியில் செதுக்கித் தந்த காய்களில் ஒரு கோட்டை தொலைந்து, அதற்கு ஒரு ரோர்ச் பற்றரியை வைத்தோம், ஞாபகமா? பற்றரிக்கும் தடையிருந்த காலம். வெயிலில் காயவைத்துக் காயவைத்து இனி உயிரே வராது என்ற பிறகுதான் அது கோட்டையானது. நீ எப்போதும் அந்தப் பற்றரிப் பக்கத்தைத்தான் எடுப்பாய், அது பாரமானது, காற்றுக்கு விழாது என்று.

ஆகவே என் கணக்கு இது. கோப்பைக்கு வைத்திருக்கும் காசில் டிஜிட்டல் மணிக்கூடு வாங்கு, முடிந்த அளவு. பாரம் வைத்த காய்களும் சுருட்டுகிற போர்டுகளும் கொழும்பிலே எடுக்கலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மிச்சக் காசு இருந்தால் தூரத்துப் பள்ளிக்கூடங்களின் பஸ் காசுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகட்டும். துணுக்காய் ரீச்சர் தன் கைக்காசில்தான் அத்தனை பேரையும் கூட்டி வந்தவ என்று பிறகுதான் தெரியவந்தது. ஒரு நிபந்தனையும் வை, நீ சொன்னால் கேட்பார்கள்: மணிக்கூடு போதாமல் வந்தால் நாலாம் போர்டிலிருந்து மேலே கொடுத்துக்கொண்டு வர வேண்டும். முதலாம் போர்டுக்காரர் ஊசியோடு சமாளிக்கட்டும், அவர்களுக்குத்தான் பயிற்சி இருக்கிறதே.

உன் பெயர் எங்கும் போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய், போடவில்லை. ஆனால் உன் அக்காவுக்கு இதற்குள் தெரிந்துவிட்டது, அது என் வேலை இல்லை.

மணிக்கூடுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாதே, கப்பலில் மாதக்கணக்காகும், எந்தச் சாமானுக்கு அடியில் கிடந்து நசியுமோ தெரியாது. நீ மார்கழியில் வருவதாக இருந்தால் கையோடு கொண்டு வா. பற்றரியைக் கழற்றிவிட்டுச் சுற்று. தை பிறந்த பிறகு அடுத்த போட்டி வைக்கலாம் என்று பேச்சிருக்கிறது. மகளும் பள்ளிக்கூடத்தில் செஸ் ஆடுகிறாள் என்றாயே, அவளையும் கூட்டி வந்தால் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் நாலு பிள்ளைகளோடு ஆடட்டும். தமிழ் தட்டுத்தடுமாறும் என்று யோசிக்காதே. விமானச் சீட்டுப் போட்டதும் தேதியைச் சொல்லு, கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்க வேண்டும், நத்தார் நேரத்தில் கடைசி நிமிசத்தில் கேட்டால் ஒருவனும் வரமாட்டான்.

அன்புடன்,
உன் மச்சான்