"சார், ஒரு மாப் குறையுது"

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி உங்கள் சாஃப்ட்வேர் ரிலீஸைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைக்கும்போது நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "டீம் லீட் அவன்தானேம்மா, தப்புன்னு தெரிஞ்சாலும் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?" உனக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்த பையனுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தது எனக்கும் வலித்தது. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்றாயே, அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை.

நான் ஆபரேஷன் தியேட்டர் டூட்டிக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகாத சமயம், வெறும் ஸ்டாஃப் நர்ஸ். அன்று ஒரு வயிற்று ஆபரேஷன், மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது, வெளியே அடுத்த கேஸ் காத்திருக்கிறது. மூடுவதற்கு முன் மாப் எண்ண வேண்டும். (தரை துடைக்கிறதாம்மா என்று சின்ன வயதில் கேட்பாயே, அதேதான், இரத்தத்தை ஒற்றியெடுக்கிற தடித்த துணி.) போர்டில் 15 என்று எழுதியிருக்கிறது. ஐந்தைந்தாகப் பிரித்து எண்ணினேன், 14. மறுபடியும் 14. "சரியா எண்ணுங்க சிஸ்டர்" என்றபடியே டாக்டர் தையல் ஊசியைக் கையில் வாங்கிவிட்டார். சீனியர் சிஸ்டர் கண்ணாலேயே பேசாதே என்கிறார். பக்கெட்டைக் கிளறினேன், மேஜைக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தேன், இல்லை. எழுந்து நின்று, "சார், ஒரு மாப் குறையுது, கிடைக்கிற வரைக்கும் மூட வேண்டாம்" என்றேன். குரல் நடுங்கியது. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை பார், கணக்கை மட்டும்தான் சொன்னேன். எரிச்சலோடுதான் கையை விட்டுத் தேடினார். குடலுக்குப் பின்னால், இரத்தத்தில் ஊறி, சதையோடு சதையாக ஒட்டிக் கிடந்தது.

யாரும் பாராட்டவில்லை. ஆனால் அடுத்த ஆபரேஷனிலிருந்து, மூடுவதற்கு முன் அவராகவே என் பக்கம் திரும்பி "கணக்கு சரியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ரொம்ப வருஷம் கழித்து, 2008-இல், உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கென்று 19 விஷயங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் வைத்துப் பார்த்ததில், இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஒரு தடவை வாய் திறந்தவருக்கு, அப்புறம் ஏதாவது தப்பாகப் பட்டால் சொல்வது சுலபம். அந்தப் பட்டியலைப் படித்து டிக் போடுவது பெரும்பாலும் நர்ஸ்தான், அவள் போடாமல் எவ்வளவு பெரிய டாக்டரும் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால், அந்த ரிலீஸில் ஓட்டை இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால், எங்கே, என்ன, எத்தனை என்று தெளிவாகச் சொல். அவசரமில்லை என்றால் அந்தப் பையனிடம் முதலில் தனியாகச் சொல், அவனும் பயந்துகொண்டுதான் இருப்பான். அவசரம் என்றால் எல்லார் முன்னாலும் சொல், யோசிக்காதே.

இன்னொன்று, இதில் நான் ஏமாந்திருக்கிறேன். பொறுப்பாக இருப்பதென்றால் எல்லார் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது என்று நினைத்துவிடாதே. மீட்டிங் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் கேக் வாங்குவது எல்லாம் பெண்கள் தலையில்தான் வந்து விழும், அதை முறைவைத்து மாற்றச் சொல். நீ சரிசெய்ததையெல்லாம் தேதியோடு எழுதி வை, ஆறு மாதம் கழித்து மேனேஜர் முன் அதை வைத்து, எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். நான் கேட்கவே இல்லை, அவர்களாகத் தருவார்கள் என்று 11 வருஷம் காத்திருந்தேன்.

அப்புறம், கேள்வி கேட்கவே பயப்படுகிறாள் என்று சொன்னாயே புதிதாக வந்த பெண்ணை, அடுத்த ரிலீஸ் அன்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையாலேயே சரிபார்க்கச் சொல். என்ன கண்டுபிடித்தாள் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அம்மா