பழைய பேட்டரி எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்லடம், சோமனூர் பக்கத் தறிக்குடோன்களில் கோடைச் சூடு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் ஷிஃப்ட் முழுக்க போன் சார்ஜில் கிடக்கிறது. போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, நூறு சதவீதத்திலேயே மணிக்கணக்காக நிற்பதும் ஆகாது. முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போடணும் என்பதெல்லாம் நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரி காலத்துப் பேச்சு. சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்திருந்தாலே கூடுதல் நாள் உழைக்கும்.

சரி, பேட்டரி போனால் மாற்றிக்கொள்ளலாம், அதற்காகப் புது போன் வேண்டியதில்லை. என் கவலை கழற்றிய பேட்டரியைப் பற்றி. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் உப்பிப்போன பேட்டரிகளைச் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். நசுங்கினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கக்கூடியது அது. அள்ளுவதோ தூய்மைப் பணியாளர்கள், பல நேரம் வெறுங்கையால். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, வீட்டுக் குப்பையோடு இதைக் கலக்கக் கூடாது. திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. உழவர் சந்தை வாசல்களில் ஆளுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சேகரிப்புப் பெட்டியாவது வைக்க உள்ளாட்சி நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யுமா?

– ஒரு வாசகர், பல்லடம்