லீராவின் பூசாரியாக ஆடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடமெடுத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற நம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக நீ அனுப்பிய கேரக்டர் ஷீட் கிடைத்தது. முதல் லெவல் கிளெரிக், அதாவது மந்திரம் தெரிந்த பூசாரி, தெய்வம் கொண்டாட்டத்துக்குரிய லீரா, முன்கதையில் ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடிய கலைஞன். அடியில் ஒரு குறிப்பு வேறு: “அண்ணா, சும்மா காமெடிக்குத்தான். சரிப்பட்டு வரலைன்னா மாத்திடுறேன்.”

மாற்ற வேண்டாம். ஆனால் அந்தக் குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். போனில் பேசினால் சிரித்தே சமாளித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கொண்டாட்டத் தெய்வத்தின் பூசாரி என்றால் எல்லா மேஜையிலும் ஒரே ஆள்தான் வந்து உட்காருகிறான். கையில் குவளை, வாயில் பாட்டு, சண்டைக்கு நடுவே ஜோக். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். சில செஷன் போனதும் அவன் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். போர்த்தெய்வத்தின் பூசாரிக்கு இந்தக் கதி வருவதில்லை. அவனிடம் அவன் தெய்வம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது: பின்வாங்காதே, கொடுத்த வாக்கைக் காப்பாற்று, எதிரிக்கு முதுகைக் காட்டாதே. நம் ஆளிடம் அவன் தெய்வம் எதையும் கேட்பதாக நாம் நினைப்பதே இல்லை. சந்தோஷமாக இரு என்று ஒரு தெய்வம் சொன்னால் அதைக் கட்டளையாகவா எடுத்துக்கொள்கிறோம்? அனுமதிச் சீட்டாகத்தான்.

நான் லீராவை வேறு மாதிரிப் படிக்கிறேன். உன் பூசாரி எவ்வளவு குஷியாக இருக்கிறான் என்பது அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை. அவன் போகிற ஊரில் சிரிப்பே இல்லாமல் கிடக்கிறவர்களுக்கு அவன் என்ன செய்தான் என்பதுதான் கணக்கு. இப்படி வைத்துக்கொண்டால் உன் கேரக்டருக்குத் தினமும் வேலை இருக்கும், தோற்கவும் வாய்ப்பு இருக்கும்.

நம் ஆட்கள் இப்படி யோசிக்காததற்கு இந்த விளையாட்டில் தெய்வங்கள் வந்து சேர்ந்த விதமும் ஒரு காரணம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது 1974இல். தெய்வங்களுக்கென்று தனியாக ஒரு துணைநூல் 1976இல் வந்தது. அதில் கிரேக்கம், எகிப்து, நம் இந்திரன் வரை எல்லோருக்கும் கவச எண், எத்தனை அடி தாங்குவார் என்ற எண். கும்பிடுவதற்கு இல்லை, அடித்துப் பார்ப்பதற்கு! அப்படி ஒரு புத்தகத்தில் பாட்டுக்கும் கூத்துக்கும் உரிய தெய்வம் என்ன செய்ய முடியும்? அந்த விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்றான கிரேஹாக்கின் ஒலிடமாராவைப் பார். இசை, மது, கொண்டாட்டம் எல்லாம் அவன் பெயரில் இருக்கின்றன, சின்னமும் சிரிக்கும் முகமூடி. ஆனால் 2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் அவன் பூசாரிக்குக் கிடைத்த களங்கள், அதாவது அவன் மந்திரங்களுக்கு உரிய துறைகள், குழப்பம், அதிர்ஷ்டம், தந்திரம். பாட்டைக் காணோம். ஆட்டக்காரர்களும் அவனைத் திருடர்களின் தெய்வமாகத்தான் வைத்துக்கொண்டார்கள்.

லீராவுக்கு அதைவிட நல்ல இடம் அமைந்தது. எட் கிரீன்வுட் தன் சிறு வயதிலிருந்தே கட்டிவந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகம் 1987இல் ஆட்டப் பெட்டியாக வந்தது. நாம் ஆடப்போவதும் அதில்தான். நம் கையில் இருக்கும் 2014 விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில் லீராவுக்கு ஒரே வரி: மகிழ்ச்சியின் தெய்வம், முக்கோணமாக அடுக்கிய மூன்று அறுமுனை நட்சத்திரங்கள், களம் உயிர். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனி. சிரிப்பின் தெய்வத்துக்கு அவர்கள் கொடுத்திருப்பது காயம் ஆற்றும் களம். எதிராளியை விழுந்து விழுந்து சிரிக்க வைத்து எழ முடியாமல் ஆக்கும் டாஷா மந்திரம் இருக்கிறதே, அது பாட்டுக்காரனான பார்டின் பட்டியலிலும் மந்திரவாதியான விசார்டின் பட்டியலிலும் இருக்கிறது, கிளெரிக்கின் பட்டியலில் இல்லை. யார் யோசித்துச் செய்தார்களோ, தற்செயலோ, எனக்கு அது சரியாகவே படுகிறது. வலுக்கட்டாயமாக வரவழைக்கும் சிரிப்பு ஒரு தாக்குதல். பின்னால் பார்ட் லெவல் எடுத்து அந்த மந்திரத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்று நீ யோசித்தால், உன் தெய்வம் அதைப் பார்த்து என்ன சொல்வாள் என்றும் யோசித்து வை. நான் கேட்பேன்.

லீராவின் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அவள் சிரிக்காத ஒரு பகுதி. அந்த உலகத்தின் கணக்குப்படி 1358இல் தெய்வங்கள் மண்ணுக்குத் தள்ளப்பட்டன. வணிகத்தின் தெய்வமான வாக்கீன், தன் பொறுப்புகளை லீராவிடம் ஒப்படைத்துவிட்டு, வானுலகம் திரும்ப வழி தேடிப் பேய்க்கோன் கிராஸ்டிடம் பேரம் பேசப் போனாள். அவன் அவளைச் சிறைபிடித்துவிட்டான். 1371இல்தான் அவள் மீண்டு வந்தாள். அதுவரை ஆட்டமும் பாட்டமும் தவிர வேறொன்றும் தெரியாத தெய்வத்தின் தலையில் சந்தையும் தராசும் பணப்பெட்டியும். வாக்கீன் வந்ததும் லீரா அத்தனையையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த உலகத்தில் அடுத்த தெய்வத்தின் அதிகாரத்தைப் பறிக்கக் கொலைக்கும் அஞ்சாத தெய்வங்கள் உண்டு. கையில் வந்து விழுந்ததைப் பதிமூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தவள் இந்தக் கூத்தாடித் தெய்வம். உன் பூசாரியிடம் யாராவது ஒரு பொருளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனால் அவன் எப்படி நடந்துகொள்வான்? இந்தக் கதை அவனுக்குத் தெரிந்திருக்கும் இல்லையா?

சரி, தெய்வம் பூசாரியிடம் எதைக் கேட்கிறது என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன், அதாவது கடமை, விலக்கு. இந்த விஷயத்தில், இதே வகை விளையாட்டான ‘பாத்ஃபைண்டர்’காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று இரண்டு பட்டியல் போட்டார்கள். கேடன் கெய்லியன் என்று ஒரு தெய்வம். மனிதனாக இருந்தபோது கூலிக்கு வாள் தூக்கியவன். அப்சலோம் நகரத்தில் நட்சத்திரக் கல் சோதனை என்று ஒன்று உண்டு, உள்ளே போய்த் தேறியவர்கள் தெய்வமாகலாம். இவன் ஒரு பந்தயத்துக்காகப் போதையில் உள்ளே போனான், மூன்று நாள் கழித்துத் தெய்வமாக வெளியே வந்தான். உள்ளே என்ன நடந்தது என்று அவனுக்கே நினைவில்லை. நல்ல காமெடி. ஆனால் அவன் பக்தனுக்கு வைத்த விலக்குகளைப் படி: மதுவை வீணாக்கக் கூடாது, குடித்தபின் யாரிடமும் சிடுசிடுக்கக் கூடாது, அடிமை வைத்திருக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் சிரிக்கிறோம், மூன்றாவதில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அடிமைகளை விடுவிப்பது அவன் கட்டளைகளில் ஒன்று. ஒரு பக்தன் எந்த நகரத்துக்குள் நுழைந்தாலும், அங்கே அடிமைச் சந்தை இருந்தால் கதை அங்கேயே தொடங்கிவிடும், ஆட்டத்தை நடத்துகிற மாஸ்டர் எதுவும் செய்யத் தேவையில்லை.

அதே உலகத்தில் ஷெலின் என்று கலைக்கும் காதலுக்கும் அழகுக்கும் உரிய தெய்வம் இருக்கிறாள். அவள் பக்தன் ஏதாவது ஒரு கலையைத் தேர்ந்தெடுத்து அதில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். சரணடைந்தவனை ஏற்காமல் இருக்கக் கூடாது. ஒரு கலைப்படைப்பை அழிக்கவோ, அழிய விட்டுவிடவோ கூடாது. ஓர் உயிரைக் காப்பாற்றவோ அதைவிடப் பெரிய கலைக்காகவோ என்றால் மட்டும் விதிவிலக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு மேஜையில் என்னவெல்லாம் செய்யலாம் பார். எரிகிற மாளிகை, ஒரு பக்கம் ஈடில்லாத சுவரோவியம், இன்னொரு பக்கம் அந்த மாளிகையின் கொடூரமான சொந்தக்காரன். விதி தெளிவாக இருக்கிறது, உயிர்தான் முதலில். அப்புறம் அந்த ஆளை மூச்சுத்திணறச் சுமந்துகொண்டு வெளியே வந்து, ஓவியம் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் கையிலிருக்கும் கிளைவ் என்ற நீள்பிடி ஆயுதமே அவள் அண்ணனிடமிருந்து வந்தது. அவனும் ஒரு காலத்தில் அவளைப் போலக் கலைத்தெய்வம்தான், பிறகு எங்கோ இருளுக்குள் போய் வதையின் தெய்வமாகத் திரும்பி வந்தான். ஆயுதத்தில் இருக்கும் தீமை அவளையும் தொடக்கூடும் என்று தெரிந்தே சுமக்கிறாள். அவனை இன்னும் கைவிடவில்லை. அழகின் தெய்வம் என்றால் கண்ணாடி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கலையையே மதமாக வைத்தவர்களில் உச்சம் என்றால் எனக்கு வார்ஹாமர் 40,000 உலகத்தின் கூத்தாடிகளான ஹார்லக்வின்கள்தான். அது விண்வெளிப் போர் விளையாட்டு, நம் வகை இல்லை, தெரியும். ஆனாலும் விட மனசில்லை. களியாட்டம் எல்லை மீறியதால் அழிவுக்குப் போன ஓர் இனம் அவர்களுடையது. அந்த மீறலிலிருந்தே பிறந்த ஸ்லானெஷ் என்னும் பேய்த்தெய்வம் அவர்களையும் அவர்கள் தெய்வங்களையும் விழுங்கிவிட்டது. தப்பிய சிலரில் ஒருவன் சிரிக்கும் தெய்வம் செகோராக். அவன் அடியார்கள் அந்த அழிவின் கதையை ஆடிக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கூத்தில் ஸ்லானெஷின் வேடத்தை எல்லோரும் கட்ட முடியாது. சாலிட்டேர் என்னும் தனியாள் மட்டும்தான் கட்டலாம், அந்த வேடத்துக்கு விலை அவன் ஆன்மா. அதன்பிறகு அவன் தன் கூட்டத்தோடு சேர்ந்து வாழ்வதும் இல்லை. ஒரு வேடத்துக்காக இவ்வளவையும் கொடுக்கிற மதத்தை வேடிக்கை மதம் என்று யாராவது சொல்வார்களா?

உன் பூசாரிக்கு இவ்வளவு வேண்டாம். முதல் லெவல்தானே. ஆனால் இரண்டு விஷயம் முடிவு செய்.

ஒன்று, அவனுக்கு என்ன விலக்கு? நானே சிலவற்றைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள். அடுத்தவர் அவமானத்தை வைத்துச் சிரிக்க வைக்கக் கூடாது. பாடக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, கூப்பிடுகிறவன் எதிரியாக இருந்தாலும். துக்க வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது, உள்ளே போய் உட்கார வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது, ஆனால் உன் விருப்பம்.

இரண்டாவது, அவன் கலை என்ன? “பெர்ஃபார்மன்ஸ் ரோல் போடுறேன்” என்று பகடையை உருட்டுவது பதில் இல்லை. பொம்மலாட்டமா, கதை சொல்வதா, குழலா? சரியாகப் பாடத் தெரியாதவன் என்றால் அதுவும் சுவாரஸ்யம்தான், ஆனால் அது தெரிந்தும் ஏன் பாடுகிறான் என்று சொல்ல வேண்டும்.

விருந்து மந்திரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது ஆறாம் நிலை மந்திரம், உன் ஆள் பதினோராம் லெவலுக்கு வந்தால்தான் கைக்கு வரும், அவசரப்படாதே. ஆனால் படித்து வை. ஆயிரம் பொன் மதிப்புள்ள, மணி பதித்த கிண்ணம் ஒன்று அதில் கரைந்துபோகும். பன்னிரண்டு பேர் வரை உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிட வேண்டும், அந்த ஒரு மணி நேரம் முடியும்வரை பலன் தொடங்காது. முடிந்துவிட்டால் நோயும் விஷமும் தீரும், இருபத்துநான்கு மணி நேரம் பயம் அண்டாது. நாளைக்கு டிராகனிடம் சாகப்போகிறவர்களை ஒரு மணி நேரம் பேசிச் சிரித்துச் சாப்பிட வைப்பது, இதைவிட நல்ல லீரா பூசை எனக்குத் தெரியவில்லை.

இனி நம் முதல் ஆட்டம். அந்த உலகத்து வருஷத்தில் முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள், எந்த மாதத்திலும் சேராத ஐந்து திருநாட்கள். கிரீன்கிராஸ் அன்று குளிர்காலம் முழுக்கக் கோட்டைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வளர்த்த பூக்களை ஆசீர்வதித்து வெளியே பனிமேல் எறிவார்கள். நடுவேனில் இரவில் பாட்டும் காதலும். நீ இவற்றில் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பாய், முன்கதையிலேயே மாலையும் மத்தளமுமாக எழுதியிருக்கிறாய். நான் உன்னை நிறுத்தப்போவது நிலாத் திருநாளில். குளிர்காலம் நெருங்கும்போது வரும் அது, இறந்தவர்களின் நாள். கல்லறைகளுக்கு ஆசி வழங்கி, போனவர்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கும். அந்த ஊருக்குள் மணி கட்டிய உடையோடு உன் ஆள் நடந்து வருகிறான். ஊர்ப் பெரியவர் அவனைக் கடுப்பாகப் பார்ப்பார், அதுவரை சொல்லிவிடுகிறேன்.

சாவுக்குப் பறையடித்து ஆடுகிற ஊரில் வளர்ந்தவன் நீ. என்ன செய்வதென்று உனக்குத் தெரியாமல் போகாது. மற்றவர்களிடம் இதைச் சொல்லிவிடாதே, அவர்கள் திருவிழா என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், எறியும் ஆயுதமான ஷுரிகென் வேண்டுமென்று ஷீட்டில் கேள்விக்குறியோடு எழுதியிருந்தாயே, தாராளமாக வைத்துக்கொள். மூன்றாம் பதிப்பில் லீராவுக்கு உரிய ஆயுதமே அதுதான். விதிப்புத்தகத்தின் டார்ட் என்ற எறி ஆயுதத்தின் கணக்கில் எடுத்துக்கொள்வோம்: அடிக்கு நான்குமுகப் பகடை ஒன்று, விலை ஐந்து செப்புக்காசு. உன் முன்கதையில் இருக்கிற கடனைப் பார்த்தால் மூன்றுக்கு மேல் வாங்க முடியாது.

அன்புடன்,
அண்ணன்