கேதம் சொல்ல ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியே கதியென்று கிடக்கும் பிள்ளைகளுக்கு நண்பர்களே கிடையாது என்கிற தொனியில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீனின் பெற்றோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

தசைகளைப் படிப்படியாக முடக்கும் டுஷேன் நோய் மாட்ஸுக்கு. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். கடைசிப் பத்தாண்டில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணையவழிக் கணினி விளையாட்டில் 15,000 மணி நேரத்துக்கு மேல் செலவழித்தவர். ஆனால் அங்கே அவர் வாள் வீசிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 'ஸ்டார்லைட்' என்ற குழுவில் இபெலின் என்னும் துப்பறியும் பிரபுவாக, மற்றவர்களோடு சேர்ந்து கதை வளர்த்துக்கொண்டிருந்தார். கூத்தில் வேஷம் கட்டுவது மாதிரிதான். வசனத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவே. தன் நோயைப் பல காலம் அவர்களிடம் சொல்லவும் இல்லை.

மகனுடைய வலைப்பூவின் கடவுச்சொல் தந்தையிடம் இருந்தது. மகன் போய்விட்டான் என்று அதில் எழுதி, தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. குழுவில் ஐந்து பேர் அடக்கத்துக்கு நேரிலேயே வந்தார்கள். இதே வேளையில் நெதர்லாந்தில் ஒரு வகுப்பறையிலும் அயர்லாந்தில் ஒரு கால் சென்டரிலும் மாட்ஸுக்காக மெழுகுவத்தி எரிகிறது என்று அங்கே ஒருவர் பேசினார். பெற்றோருக்கு அதெல்லாம் புதுச் செய்தி.

அந்தக் கடவுச்சொல் இல்லாமல் போயிருந்தால்?

எங்கள் முகநூல் கோலக் குழுவில் அதுதான் நடந்தது. சிக்குக் கோலத்தில் கைதேர்ந்த ஓர் அக்கா இருந்தார். "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை" என்று எழுதி, இழை எங்கே திரும்புகிறது என்பதை வேறு நிறத்தில் போட்டுக் காட்டுவார். மார்கழி பிறந்தும் அவர் படம் வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டோம். தை மாதம் முகநூல் அவர் பிறந்தநாளை ஞாபகப்படுத்த, ஆளாளுக்கு கேக் படம் போட்டு வாழ்த்தினோம். அத்தை ஐப்பசியிலேயே தவறிவிட்டார் என்று மருமகள் அதன் கீழே எழுதினார். அழக்கூடக் கூச்சமாக இருந்தது.

ஊரில் ஒருவர் போனால் சம்பந்தி வீடு, தாய்மாமன் வீடு என்று கேதம் சொல்ல ஆள் போகும். நாங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காகக் குடும்பத்தைக் குறை சொல்லவும் முடியாது. எங்களை யாரென்று அவர்களுக்குத் தெரியாதே.

நமக்குப் பிறகு கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முகநூலிலேயே நியமித்து வைக்கலாம். கூகுளில் 10 பேர் வரை குறிப்பிடலாம். நாம் சொல்லும் காலம்வரை கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால் அவர்களுக்குத் தகவல் போகும். இரண்டு ஆண்டு தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடவும் கூடும், அதிலுள்ள படங்களோடு சேர்த்து. இந்த வசதிகளை எங்கே போய் எப்படி அமைப்பது என்று, என்னைப் போன்ற அறுபது வயதுக்காரிகளுக்கும் புரிகிற மாதிரி, படத்தோடு ஒரு பக்கம் போடுவீர்களா?

– ஒரு வாசகி, கோவில்பட்டி