யார்க்டவுனில் தோற்றவரின் சிலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் சிலையைப் பார்க்கும் பிள்ளைகள், அவரைத் திப்பு சுல்தானோடு போரிட்டவராக மட்டுமே அறிகிறார்கள். 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையும் பிரெஞ்சுப் படையும் சூழ்ந்துகொள்ளச் சரணடைந்து, பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைக்கு வழிவிட்ட பிரிட்டிஷ் தளபதியும் அவரே. அக்குடியேற்றத்தார் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலையும், இக்கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான்!

போரைவிட, அதன்பின் நடந்ததே வகுப்பறையில் விரிவாகப் பேசப்பட வேண்டும் என்பது என் எண்ணம். வரி விதிக்கும் அதிகாரமே இல்லாத அமெரிக்க மைய அரசால், போரிட்ட வீரர்களின் சம்பளப் பாக்கியைக்கூட ஒழுங்காகத் தீர்க்க முடியாமற்போன நிலையில்தான், 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகள் அதிகாரத்தைச் சட்டமியற்றும் அவை, நிர்வாகம், நீதித்துறை எனப் பிரித்துப் புதிய அரசியலமைப்பை எழுதினர். விடுதலை பேசிய அவர்களே அடிமை முறையை அதில் விட்டுவைத்ததையும் மறைக்கக் கூடாது.

மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துவரும் ஆசிரியர்கள், சிலையருகே சில நிமிடங்கள் நின்று இவற்றையும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை.