ஆண்டறிக்கை: ஒரு கொழுப்பு ஆராய்ச்சியாளரோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு எடுத்த முடிவின்படி, நமது அறிவியல் வாசிப்புச் சங்கம் இந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒருவருடைய ஆய்வு வாழ்க்கையை எடுத்துக்கொண்டது. அவர் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஃபியோடர் லூனன். "கொழுப்பைப் பற்றி ஒரு வருஷமா?" என்று முகம் சுளித்தவர்களில் சிலர்தான் கடைசிக் கூட்டம் வரை விடாமல் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டம் லூனனுக்கு முன்னால் நடந்ததற்கே போய்விட்டது. 1904இல் ஃபிரான்ஸ் க்னூப் கொழுப்பு அமிலங்களின் வாலில் உடலால் எரிக்க முடியாத பென்சீன் வளையத்தைக் கட்டி நாய்களுக்குக் கொடுத்தார். சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சிறுநீரில் வந்தவை இரண்டே வகைப் பொருள்கள். சங்கிலியின் கார்பன்கள் ஒற்றைப்படையானால் ஒன்று, இரட்டைப்படையானால் மற்றொன்று. அப்படியானால் உடல் இரண்டிரண்டு கார்பனாகத்தான் வெட்டுகிறது. கதிரியக்கத் தடமறிதல் எதுவும் இல்லாத காலத்தில் இப்படி ஒரு சோதனை!

லூனன் 1911இல் மியூனிக்கில் பிறந்தார். படிப்பு, வேலை எல்லாம் அங்கேதான். நோபல் பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டிடம் விஷக் காளான்களை ஆராய்ந்து 1937இல் முனைவர் பட்டம் வாங்கினார், அதே ஆண்டில் ஆசிரியரின் மகளையும் மணந்துகொண்டார். இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்தது சரி என்றே நினைக்கிறேன்.

நேரம் போனது 1951இல்தான். வெட்டி எடுத்த அந்த இரண்டு கார்பன் துண்டு உடலில் என்ன வடிவில் இருக்கிறது என்று பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருந்தன. உயிர்வேதியியலாளர் லிப்மன் கண்டுபிடித்த, நொதிகளுக்குத் துணைபோகும் கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறில் உள்ள கந்தகத்தோடுதான் அசிட்டிக் அமிலம் பிணைந்திருக்கிறது என்று லூனன் ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். அதுதான் அசிட்டைல் கோஎன்சைம் ஏ; அசிட்டைல் என்பது அந்த இரண்டு கார்பன் துண்டு. நம் வேதியியல் ஆசிரிய உறுப்பினர் இதைக் கரும்பலகையில் விளக்கினார். கந்தகம் தனியாக இருந்தால் நைட்ரோபுருசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் செந்நிறம் வரும். அசிட்டைல் ஏறியிருந்தால் அந்தப் பிணைப்பு உடையும்வரை நிறம் வராது. கேட்டுக்கொண்டிருந்த பலருக்கும் அன்றுதான் விஷயம் பிடிபட்டது.

அடுத்த இரண்டு கூட்டங்களிலும் விவாதம் சூடாகவே இருந்தது. ஏறிய படியிலேயே இறங்குவதுபோல, எரிக்கும் பாதையைத் திருப்பினால் கொழுப்பு உண்டாகிவிடும் என்றுதான் அந்தக் காலத்தில் பலரும் நினைத்தார்கள். 1958இல் அமெரிக்காவில் சலீஹ் வாகில் குழுவினர் புறா ஈரலின் சாற்றில் பார்த்தது வேறு: கார்பன் டைஆக்சைடு தரும் பைகார்பனேட் உப்பு இல்லாமல் கொழுப்பு உருவாகவில்லை, ஆனால் அதன் கார்பன் கொழுப்பில் சேரவும் இல்லை. சேராத பொருள் எதற்குத் தேவை? அசிட்டைல் மேல் ஒரு கார்பன் டைஆக்சைடு ஏறி மலோனைல் ஆகிறது, சங்கிலியில் கோக்கும்போது அது கழன்றுவிடுகிறது. பதினாறு கார்பன் பால்மிட்டிக் அமிலத்துக்கு ஓர் அசிட்டைலும் ஏழு மலோனைலும் வேண்டும், ஏழு கார்பன் டைஆக்சைடும் வெளியேறும். இந்தக் கணக்கை உறுப்பினர்களே போட்டுப் பார்த்தது நல்ல காட்சி.

கார்பன் டைஆக்சைடை ஏற்றிவிடும் வேலையில் பயோட்டின் என்ற வைட்டமின் எப்படிக் கைகொடுக்கிறது என்று காட்டியது லூனன் குழு. ஈஸ்டில் இந்த வேலைகளைச் செய்யும் நொதிகள் ஒரே பெருந்தொகுதியாக இருக்கின்றன, வளரும் சங்கிலி முடியும்வரை அதை விட்டு விலகுவதில்லை என்பதும் அவர்கள் காட்டியதே. என் கணிப்பில் 1964இல் கொலஸ்ட்ரால் ஆய்வாளர் கான்ராட் பிளாக்கோடு பகிர்ந்துகொண்ட நோபலைவிட இதுதான் பெரிய விஷயம். தலைவருக்கு இதில் உடன்பாடு இல்லை. அது தனி விவாதம்.

ஒரு குறை. கொலஸ்ட்ரால் பக்கத்துக்கு நேரமே ஒதுக்கவில்லை என்று பிளாக்கின் ரசிகர்கள் எழுத்துமூலம் புகார் தந்துள்ளனர். நியாயமான புகார்தான், செயற்குழு ஏற்றுக்கொண்டது.

அப்புறம், வரும் ஆண்டுக்கான பரிந்துரை. கொழுப்பை உருவாக்கும்போதே எரிப்பதும் நடந்தால் இரண்டும் வீண்தானே என்று ஓர் இளைய உறுப்பினர் கேட்டார். கொழுப்பு, அதை எரிக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலை அதே மலோனைல் கோஎன்சைம் ஏ அடைத்துவிடும் என்று 1977இல் மெக்கேரியும் ஃபாஸ்டரும் காட்டினார்கள். அங்கிருந்தே தொடங்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்